முயலின் கல்லீரலும் சிறுகுறிஞ்சான் இலையும்

கன்னிவாடி போன்ற மலையடிவாரப் பகுதிகளில் புதர்மேல் படரும் கொடி சிறுகுறிஞ்சான். இலையை நன்றாக மென்றபின் சீனியை வாயில் போட்டால் மணல்போல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்புணர்வைச் சற்று நேரம் தடுத்துவிடுகின்றன.

நாக்கைத் தாண்டி இது உடம்புக்குள் என்ன செய்கிறது? சென்னையில் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை முயல்களிடம் சோதித்து 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முயலுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்க அலோக்சான் என்ற வேதிப்பொருள் உதவுகிறது. அது குளுக்கோஸ் சாயலில் இருப்பதால் கணையத்தின் பீட்டா செல்கள் உள்ளே விட்டுவிடும். புகுந்ததும் அவற்றையே அழித்துவிடும். 1943இல் கிளாஸ்கோவில் டன் குழுவினர் கண்டறிந்த விளைவு இது.

பீட்டா செல்கள் அழிந்தால் இன்சுலின் இல்லை. உடனே கல்லீரலின் நொதிகள் தடம் மாறுகின்றன. குளுக்கோஸைப் பிடித்துவைக்கும் குளுக்கோகைனேஸ் குறைகிறது. சர்க்கரையை ரத்தத்துக்குத் திறந்துவிடும் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் கூடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும், பட்டினி கிடப்பதாக எண்ணிக் கல்லீரல் மேலும் தயாரிக்கிறது. அதற்குத் தசைப் புரதம் கரைகிறது, விலங்கு மெலிகிறது.

நொதியின் வேகத்தை எப்படி அளப்பது? கல்லீரல் துண்டை ஐஸில் வைத்தே அரைப்பார்கள். சூடேறினால் நொதி கெட்டுவிடும். அந்தச் சாற்றில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டைச் சேர்த்தால் நொதி அதிலிருந்து பாஸ்பேட்டைப் பிரிக்கும். பிரிந்த பாஸ்பேட், மாலிப்டேட் கரைசலோடு உரிய வினைப்பொருளும் சேரும்போது நீலமாகும். நீலம் அடர்ந்தால் நொதி சுறுசுறுப்பு என்று பொருள். பாஸ்பேட்டை அளக்கும் இந்த நீலநிற முறையை 1925இல் பிஸ்கேயுடன் சேர்ந்து வெளியிட்டவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

இலைப்பொடி கொடுத்த முயல்களில் சர்க்கரை கட்டுப்பட்டது. குளுக்கோஸைப் பயன்படுத்தும் நொதிகள் கூடின. புதிதாகத் தயாரிக்கும் நொதிகள் அடங்கின. அதற்காக, இலையை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக்கூடாது. அலோக்சான் முயலின் நிலை மனிதரின் முதல் வகை நோய்க்கு நெருக்கமானது. நம்மில் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதோ இரண்டாம் வகை.

ஆனாலும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தும் மேலும் தயாரிக்கும் கல்லீரலின் குணம் இரண்டு வகைக்கும் பொது. "ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லையே, காலையில் சர்க்கரை எப்படி ஏறியது?" என்று கேட்பவருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தூங்கும்போதும் கல்லீரல் சர்க்கரை தயாரிக்கிறது. மெட்பார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே அந்த உற்பத்தியைக் குறைப்பதுதான்.