பொறிக்குள் பொறி

தமிழில் ‘பொறி’ என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும். நெருப்பினின்று தெறிக்கும் சிறு துகளையும் குறிக்கும். படகின் பின்புறத்தில் மாட்டப்படும் மோட்டாரில் இவ்விரு பொருளும் ஒன்றுகூடுகின்றன. உள்ளே தீப்பொறி எழுந்தால்தான் வெளியே பொறி இயங்கும். அஃது எழாதபோது குறையை எங்ஙனம் கண்டறிவது என்பதை இங்குக் காண்போம்.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர் உள்ளது. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரி. இவ்வூருக்குக் கிழக்கே போரூர் ஏரியும் மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியும் உள்ளன. தெற்கே அடையாறு ஓடுகின்றது. கடலில்லாத இப்பகுதிக்குப் படகு எதற்கு என்று கேட்கலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அதற்கு விடை கூறிற்று. பெருமழையால் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்ப, அதனின்று விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், மணப்பாக்கம், கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகள் நீரில் மூழ்கின. மாடிகளில் தவித்த மக்களை மீட்பதற்கு மீட்புப் படையினர் படகுகளுடன் விரைந்தனர். கடற்கரை மீனவர்களும் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து உதவினர். அத்தகைய வேளையில் படகின் மோட்டார் இயங்க மறுத்தால் விளைவு என்னாகும்! ஓடும் வெள்ளத்தில் துடுப்பு ஒன்றை மட்டும் நம்பி நெடுந்தொலைவு செல்லல் இயலாது.

பழைய மோட்டார்களில் மின்கலம் இல்லாமலே மின்சாரம் உண்டாகின்றது. அதனை உண்டாக்கும் உறுப்புக்கு மேக்னெட்டோ என்பது பெயர். இயந்திரத்தின் தலைப்பகுதியில் ‘பிளைவீல்’ என்னும் கனத்த சக்கரம் உண்டு. அதன் உட்புறத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். கயிற்றை இழுத்ததும் சக்கரம் சுழலும். காந்தங்கள் கம்பிச்சுருளைக் கடந்து செல்லும். சுருளில் மின்சாரம் தோன்றும். மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்று 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட உண்மையே இதற்கு அடிப்படை.

அம்மின்சாரம் ‘பாயிண்டு’ எனப்படும் இரு சிறு உலோக முனைகளின் வழியே செல்கின்றது. உரிய கணத்தில் அம்முனைகள் பிரியும். மின்னோட்டம் சட்டென்று அறுபடும். அப்பொழுது, ஆயிரக்கணக்கான சுற்றுகளையுடைய மெல்லிய கம்பிச்சுருளில் பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தம் எழும். அது பிளக்கின் முனையில் உள்ள இடைவெளியைத் தாண்டிப் பாயும். அதுவே தீப்பொறி. பாயிண்டு முனைகள் பிரியும்போது அங்கே பொறி பறந்து அவை கருகாதவாறு காப்பது ‘கண்டென்சர்’ என்னும் உறுப்பு.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் தெளிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த நெறி. இயந்திர மருத்துவருக்கும் அதுவே நெறியாகும். கண்ட உறுப்பையெல்லாம் கழற்றுபவன் பழுதைப் பெருக்குவான். எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்பவன் பழுதைக் காண்பான்.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பலமுறை கயிற்றை இழுத்த பின்னும் அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை என்று ஐயுறலாம். ஈரமாக இருந்தால் எரிபொருள் வந்துள்ளது. பற்றவைக்கும் பொறியே இல்லை என்று ஐயுறுதல் தகும். கரியும் எண்ணெயும் படிந்த பிளக்கைத் துடைத்து, அதன் இடைவெளியைச் சரிசெய்தல் வேண்டும். பல பழைய மோட்டார்களில் அவ்விடைவெளி ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர்.

அடுத்துப் பொறிச் சோதனை. பிளக்கை அதன் கம்பியில் பொருத்தி, அதன் உலோக உடல் இயந்திரத்தின் உலோகத்தைத் தொடுமாறு வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பர். நீல நிறத்தில், சொடுக்கும் ஓசையுடன் எழுவது நல்ல பொறி. மஞ்சளாய், மெலிந்து தோன்றுவது வலிமையற்ற பொறி. பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகையால் எரிபொருள் தொட்டியை அகற்றி, சிந்திய எண்ணெயைத் துடைத்து, பிளக் கழற்றிய துளைக்கு எட்டவே இச்சோதனையைச் செய்தல் வேண்டும். கம்பியை வெறுங்கையால் பற்றுதல் கூடாது. தேர்ந்தவர் துணையின்றி மாணவர் இதனைச் செய்தல் தகாது.

இரண்டு சிலிண்டர் உள்ள மோட்டாரில் ஒன்றில் மட்டும் பொறி இல்லையென்று கொள்வோம். பிளக்குகளை இடம் மாற்றிப் பார்த்தல் வேண்டும். குறை பிளக்குடன் இடம் பெயர்ந்தால் பிளக்கே குற்றவாளி. பெயராவிடின், அந்தச் சிலிண்டருக்கே உரிய பாயிண்டு, கண்டென்சர், சுருள், கம்பி ஆகியவற்றுள் ஒன்றில் குறை உண்டு. இரண்டிலுமே பொறி இல்லையெனில், இரண்டிற்கும் பொதுவானதை முதலில் நோக்குக. மோட்டாரை நிறுத்தும் பொத்தானின் கம்பி தேய்ந்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், மின்சாரம் அவ்வழியே வீணாய்ப் போய்விடும். அக்கம்பியைக் கழற்றியதும் பொறி தோன்றினால் நோய் தெரிந்துவிட்டது. இரு சுருள்களும் ஒரே நாளில் கெடுவது அரிது.

நெடுநாள் பயன்படாத மோட்டாரில் பெரும்பாலும் காணப்படும் குறை பாயிண்டு முனைகளில் படியும் களிம்பே. உப்புக்காற்றும் ஈரமும் அதனை விரைவில் உண்டாக்கும். தூசியளவே ஆயினும் அது மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். பிளைவீலை அதற்குரிய கருவியால் கழற்றி, முனைகளைத் தூய்மை செய்து, இடைவெளியை அளவுத் தகட்டால் சரிபார்ப்பர். பல மோட்டார்களில் அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்; எனினும் செய்தவர் தந்த கையேட்டின் அளவே முடிவானது. முனைகள் அடிக்கடி கருகினால் கண்டென்சர் ஐயத்திற்குரியது. குளிர்ந்திருக்கையில் ஓடி, சூடேறியதும் நின்றுவிடும் மோட்டாரில் சுருளைச் சோதித்தல் வேண்டும். நல்ல பொறி இருந்தும் மோட்டார் எதிர்த்து உதைத்தால், பிளைவீலைத் தண்டுடன் பிணைக்கும் சிறு சாவி முறிந்திருக்கக் கூடும். சாவி முறிந்தால் சக்கரம் இடம் பெயரும். பொறி எழும், ஆனால் உரிய காலத்தில் எழாது.

பிற்காலத்து மோட்டார்களில் பாயிண்டுகள் இல்லை. மின்னணுக் கருவிகளே அவ்வேலையைச் செய்கின்றன. ஆயினும் சோதிக்கும் முறை மாறவில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, நீர் நிறைந்த தொட்டியில் மோட்டாரை நிறுத்தி இயக்கிப் பார்த்துவிடல் நன்று. நீரின்றி ஓட்டினால் குளிர்விக்கும் பம்பு கெடும். கோடையில் அரைமணி நேரம் செலவிட்டுத் துடைக்கப்படும் அச்சிறு முனைகள், கார்த்திகை வெள்ளத்தில் ஒரு குடும்பத்தை மாடியிலிருந்து கரை சேர்க்கலாம். உதவும் உள்ளம் மட்டும் இருந்தால் போதாது. உதவுவதற்குரிய கருவியும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.