ஒப்பு வாசனைத் திரவியம்

ஒப்பு வாசனைத் திரவியம் என்பது விலை உயர்ந்த வாசனைத் திரவியம் ஒன்றின் மணத்தைப் பின்பற்றிக் குறைந்த விலையில் தயாரிக்கப்படுவது ஆகும். வேறு பெயரில் விற்கப்படுவதால் இது போலிப் பொருளிலிருந்து வேறுபட்டது.

மூல மணம்

எடுத்துக்காட்டாக, பிரடெரிக் மால் நிறுவனத்திற்காக டொமினிக் ரோபியோன் உருவாக்கி 2010-இல் வெளியான 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' என்னும் திரவியத்தில் துருக்கி ரோஜாவுடன் கிராம்பு, இலவங்கப்பட்டை, பச்சோலி, சாம்பிராணி ஆகிய மணங்கள் கலந்துள்ளன. இத்தகைய மணங்களின் கூறுகளை வாயு வண்ணப்பிரிகை முறையில் பிரித்தறியலாம்.

விலை குறையும் விதம்

ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ இதழ்கள் தேவை. மலிவான தயாரிப்பில் பினைல் எத்தில் ஆல்ககால், சிட்ரோனெல்லால் போன்ற செயற்கைச் சேர்மங்கள் ரோஜா மணத்தையும், கிராம்பு எண்ணெயின் முதன்மைக் கூறான யூஜினால் மசாலா மணத்தையும் தரும். ரோஜா எண்ணெயில் நுண்ணளவே உள்ள பீட்டா-டமாசெனோன் போன்றவற்றின் விகிதம் மாறினாலும் மணம் மாறிவிடும்.

சட்ட நிலை

மணத்திற்குப் பதிப்புரிமை இல்லை என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2006 ஜூனில் கூறியது. அதே மாதம் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், லாங்கோமின் 'ட்ரெசோர்' தொடர்பான வழக்கில், உண்டு என்றது. மூலத் திரவியத்தின் பெயரைக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை வணிக முத்திரை உரிமையாளர் தடுக்கலாம் என 2009-இல் லோரியல்–பெல்யூர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே மணத்தைப் பின்பற்றுவதும், அதன் பெயரைச் சொல்லி விற்பதும் சட்டத்தின் முன் வெவ்வேறானவை.