ஒற்றைக் காலணி சொல்லும் கதை

தென்கொரியத் தலைநகர் சோலில் உள்ள ஒரு சிறிய நினைவகத்தில் ஒற்றைக் காலணி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. வலது காலுக்குரியது அது. நாளடைவில் நொறுங்கத் தொடங்கிய அந்தக் காலணியை 2015ல் வல்லுநர்கள் சீரமைத்தார்கள்.

அதை அணிந்திருந்தவர் லீ ஹான்-யோல். யோன்செய் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தவர். வயது 20. என் வயதுதான்.

கே-பாப் பாடல்களையும் கொரிய நாடகங்களையும் விரும்பும் நம்மில் பலருக்கு, அந்நாடு 1987 வரை சர்வாதிகார ஆட்சியில் இருந்தது தெரியாது. '1987' என்ற கொரியத் திரைப்படத்தைப் பார்க்கும்வரை எனக்கும் தெரியாது.

அப்போது அதிபராக இருந்த சுன் டூ-ஹுவான், ராணுவத்தின் துணையோடு அதிகாரத்தைக் கைப்பற்றியவர். அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு இல்லை.

1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சுல் என்ற மாணவர் போலிஸ் விசாரணையில் மாண்டார். அதிகாரி மேசையைத் தட்டியதும் அவர் மயங்கி விழுந்ததாகப் போலிஸ் கூறியது. உண்மையில் அவர் நீரில் அமுக்கிச் சித்திரவதை செய்யப்பட்டிருந்தார். அதை மறைக்க நடந்த முயற்சியை மே மாதம் கத்தோலிக்கப் பாதிரியார்கள் அம்பலப்படுத்தினர்.

ஜூன் 9ஆம் தேதி, பல்கலைக்கழக வாசலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று லீயின் பின்தலையைத் தாக்கியது. ரத்தம் வழியச் சரிந்த அவரைச் சக மாணவர் தாங்கிப் பிடித்த காட்சியை ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் படமெடுத்தார். அந்தப் படம் நாட்டையே உலுக்கியது.

அதுவரை மாணவர்களின் போராட்டத்தைப் பெரும்பாலும் ஒதுங்கி நின்று பார்த்தவர்களும் வீதிக்கு வந்தார்கள். மறுநாள் மாலை வாகனமோட்டிகள் ஹார்ன் ஒலித்து ஆதரவு தெரிவித்தனர். கழுத்துப்பட்டை அணிந்த அலுவலக ஊழியர்கள் முழக்கமிட்டனர். மியோங்டோங் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த போராட்டக்காரர்களுக்கு, அருகிலிருந்த பள்ளி மாணவிகள் தங்கள் மதிய உணவுப் பெட்டிகளைக் கொடுத்தார்கள். நம் உயர்நிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகள் அவர்கள்!

ஜூன் 29ஆம் தேதி, ஆளுங்கட்சியின் அதிபர் வேட்பாளர் ரோ டே-வூ நேரடித் தேர்தலுக்கு இணங்கினார். சுயநினைவின்றி மருத்துவமனையில் கிடந்த லீக்கு அது தெரியாது. ஜூலை 5ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. நான்கு நாள்களுக்குப்பின் நடந்த இறுதி ஊர்வலத்தில் சோலில் மட்டும் ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர் திரண்டனர்.

கதை அதோடு இனிதாக முடிந்துவிடவில்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் தனித்தனியே போட்டியிட்டு வாக்குகளைப் பிரித்ததால், டிசம்பர் தேர்தலில் அதே ரோ டே-வூ வென்றார். ஆனாலும் மக்கள் பெற்ற வாக்குரிமை பறிபோகவில்லை. அதன்பின் வந்த அதிபர்கள் எல்லாரையும் அவர்களே தேர்ந்தெடுத்தனர்.

லீயின் தாயார் பே யுன்-சிம், 2022ல் மறையும்வரை, போராட்டங்களில் பிள்ளைகளை இழந்த பிற குடும்பங்களுடன் சேர்ந்து நீதி கேட்டார்.

ஓர் இளையரின் மரணம் மட்டுமே ஆட்சியைப் பணிய வைத்தது என்று சொல்லமுடியாது. ஜனவரியிலும் ஒரு மாணவர் மாண்டார். 'அது யார் வீட்டுப் பிள்ளையோ' என்று இருந்தவர்கள், 'நம் வீட்டுப் பிள்ளை' என்று ஜூன் மாதத்தில் நினைத்தார்கள். மாற்றம் அங்கேதான் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

சோலுக்குச் சுற்றுலா செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், கடைவீதிகளைச் சுற்றும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, சின்சோன் வட்டாரத்திலுள்ள அந்த நினைவகத்துக்கும் சென்று வாருங்கள்.