சுடுமண்ணில் பொறித்த கொள்கை: இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்

ஒரு கட்டடத்தின் அமைப்பைக் கொண்டு அதனை எழுப்பியோர் கருத்தை உணர்தல் கூடும். கோயிலுக்கும் கோட்டைக்கும் பொருந்தும் இவ்வுண்மை அறிவியற் பொருள்களைக் காக்கும் கட்டடத்திற்கும் பொருந்துமா? இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டன் பகுதியிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் திரட்டிய நூல்களும் உலர்த்திய செடிகளும் பிற அரும்பொருள்களும், அவர் 1753-இல் மறைந்தபின் நாட்டுடைமையாயின. அவற்றினின்றே பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தோன்றிற்று. நூறாண்டு கழிந்தபொழுது பொருள்கள் பெருகி இடம் போதாதாயிற்று. 1856-இல் அங்கே இயற்கை வரலாற்றுப் பிரிவுகளின் தலைமையேற்ற ரிச்சர்டு ஓவன், அவற்றுக்குத் தனிக்கட்டடம் வேண்டுமென வாதாடினார். டைனோசர் என்னும் வகைக்கு 1842-இல் பெயரிட்டவர் இவரே. கட்டடத்திற்கென 1864-இல் நிகழ்ந்த போட்டியில் பிரான்சிஸ் ஃபோக்கின் வரைபடம் வென்றது. அவர் மறு ஆண்டே மறைந்தமையின் பொறுப்பு ஆல்பிரடு வாட்டர்ஹவுஸைச் சேர்ந்தது. 1873-இல் தொடங்கிய பணி நிறைவுற்று, 1881 ஏப்ரல் 18-ஆம் நாள் அருங்காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பெற்றது.

அரைவட்ட வளைவுகளும் உயர்ந்த கோபுரங்களும் உடைய ரோமனெஸ்க் பாணியை வாட்டர்ஹவுஸ் மேற்கொண்டார். கட்டடத்தின் உள்ளும் புறமும் சுடுமண் பலகைகள் போர்த்துள்ளன. நிலக்கரிப் புகை மிக்க அந்நாளைய இலண்டனில் கல்லினும் சுடுமண் நெடிது நிற்கும், கழுவித் தூய்மை செய்தற்கும் எளிது என்பது அதற்குக் காரணமாகும். அச்சில் வார்த்து உருவங்களைப் பெருக்கலாம் என்பது மற்றொரு பயன். தூண்களிலும் வளைவுகளிலும் விலங்கும் பறவையும் செடியும் இடம்பெற்றன. அவற்றுக்குரிய வரைபடங்களை வாட்டர்ஹவுஸ் தாமே எழுதினார்.

அவ்வுருவங்கள் அமைந்துள்ள முறையே நம் ஆய்விற்கு முதன்மையானது. கிழக்குச் சிறகில் அற்றொழிந்த உயிரினங்களும், மேற்குச் சிறகில் வாழும் உயிரினங்களும் அமைந்தன. ஓவனின் விருப்பப்படியே இப்பகுப்பு நிகழ்ந்தது. தொல்லுயிர் எச்சங்கள் கிழக்கிலும் விலங்கியற் பொருள்கள் மேற்கிலும் வைக்கப்பட்டமையின், ஒவ்வொரு சிறகின் அணியும் அதன் உள்ளடக்கத்தைக் காட்டும் அடையாளமாயிற்று. எனினும் பயன் அவ்வளவில் நிற்கவில்லை. டார்வின் தம் நூலை 1859-இல் வெளியிட்டு, இன்று வாழ்வன முன்பு வாழ்ந்தவற்றினின்று இயற்கைத் தேர்வினால் திரிந்து தோன்றியவை என நிறுவ முற்பட்டார். அதனை ஓவன் கடுமையாக எதிர்த்தார். எனவே, இருவகை உயிர்களையும் வெவ்வேறு சிறகுகளில் நிறுத்திய இவ்வமைப்பு டார்வினுக்கு ஓவன் தந்த மறுப்பே எனக் கருதுவாரும் உளர்.

கொள்கைப் போரின் சுவடு சிலைகளிலும் காணப்படும். டார்வினின் பளிங்குச் சிலை 1885-இல் மைய மண்டபத்துப் படிக்கட்டின்மேல் நிறுவப்பட்டது. 1927-இல் அது வேறிடம் பெயர்ந்தது. பின்னர் ஓவனின் சிலை அவ்விடத்தைப் பெற்றது. டார்வின் பிறந்து இருநூறு ஆண்டு நிறைந்த 2009-ஐ ஒட்டி அவர் சிலை பழைய இடத்திற்கு மீண்டது. சிலைகள் இடம் மாறின. சுடுமண் உருவங்களோ மாறவில்லை. கட்டடத்தில் பொறித்த கருத்தை நூலிற் பிழைபோல் எளிதில் திருத்தல் இயலாது.

ஆயினும் காலம் அதற்கு ஓர் உரை வகுத்துள்ளது. கட்டடம் திறந்த ஞான்று தாஸ்மானியாவில் வாழ்ந்திருந்த தைலசீன் என்னும் பைம்மா, 1936-இல் ஹோபார்ட் விலங்குக் காட்சிச்சாலையில் மாண்ட ஒன்றோடு அறியப்பட்ட அளவில் முடிவெய்தியது. மேற்கிற்குரியது கிழக்கிற்குரியதாயிற்று. 2017 முதல் இரு சிறகுகட்கும் நடுவேயுள்ள மண்டபத்தில் 25.2 மீட்டர் நீளமுள்ள நீலத்திமிங்கில எலும்புக்கூடு தொங்குகின்றது. வேட்டையால் அழிவின் விளிம்பிற்குச் சென்று, 1960-களில் பெற்ற பாதுகாப்பால் தப்பிய இனம் அது. ஓவன் வகுத்த எல்லை நிலையானதன்று. அதனை மாற்றும் ஆற்றல் மனிதன் கையில் உள்ளது என்பதை அவ்வெலும்புக்கூடு தான் தொங்கும் இடத்தாலேயே உணர்த்துகின்றது.