ஸ்டெப்னி போகலாம், காற்று நிற்குமா?

2020 அக்டோபர் 1 முதல், புதுக் கார்களில் ஸ்டெப்னி இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஜூலையில் வெளியிட்ட அறிவிக்கை இது. அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதி "என் ஸ்டெப்னியை விற்றுவிடலாமா?" என்று கேட்கின்றன. மீதி, "வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?" என்கின்றன. விற்க வேண்டாம், வைத்திருப்பதற்காக யாரும் பிடிக்கப் போவதில்லை. 3.5 டன்னுக்கு மேற்படாத வண்டி, டியூப்லெஸ் டயர், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் கிட் என எல்லாம் விற்கும்போதே சேர்ந்து வரும் கார்களுக்குத்தான் அந்தச் சலுகை. உங்கள் பழைய வண்டிக்கு இதில் ஒன்றுமில்லை.

உலக நடைமுறை, மின்சாரக் காரின் பேட்டரிக்கு இடம். அமைச்சகம் சொன்ன காரணங்கள் இவை. 2020-ல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அரை நாள் நின்று மின்சாரக் கார்களை எண்ணியிருந்தாலும் ஒரு கை விரல்களே அதிகமாக இருந்திருக்கும். பெட்ரோல் காரில் மிச்சமாகும் ஒரு சக்கரத்தின் விலை யார் பைக்குப் போகும் என்பதுதான் எனக்குத் தோன்றும் கேள்வி.

அது கிடக்கட்டும். இந்தச் சலுகை முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: டியூப்லெஸ் டயர் சட்டென்று காற்றை விடாது. பெரும்பாலும் உண்மைதான். ஏன் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டுப் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். இன்றைய எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி அதுதான். டயருக்குள் இருக்கும் டியூபும் பலூனுக்கு அண்ணன்தான். இழுபட்டு விறைத்து நிற்கும் ரப்பர். ஆணி ஏறினால் அந்த இழுப்பே ஓட்டையைப் பெரிதாக்கும். வெளியேறும் காற்று டியூபுக்கும் டயருக்கும் நடுவே புகுந்து, ரிம்மின் வால்வுத் துளை வழியே ஓடிவிடும். டியூப்லெஸ்ஸில் இழுபட்டு நிற்கும் பையே கிடையாது. டயரின் உட்புறத்தில் காற்றை எளிதில் கசியவிடாத பியூட்டைல் ரப்பர் பூச்சு. ஏறிய ஆணியைத் தடித்த ரப்பர் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும். ஆணியைப் பிடுங்காதவரை கசிவு சொற்பம். அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தின் ஃபிராங்க் ஹெர்செக் இதற்குக் காப்புரிமை பெற்றது 1952-ல்.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் ரிம்மின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே பசையும் இல்லை, வாஷரும் இல்லை. டயரின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் ஒன்று ஓடுகிறது. அது ரிம்மில் லேசாகச் சரிந்த ஒரு திட்டில் உட்கார, உள்ளே இருக்கும் காற்று அதை ரிம்மின் உதட்டோடு நெருக்கித் தள்ளுகிறது. எந்தக் காற்றை அடைக்க வேண்டுமோ அதுவே தாழ்ப்பாளாகவும் வேலை செய்கிறது. முப்பது சொச்சம் பிஎஸ்ஐ இருக்கும்வரை அசையாது. பாதியாகக் குறைந்தால் தாழ்ப்பாளும் தளரும்; பள்ளத்தில் இறங்கி வேகமாகத் திருப்பினால் விளிம்பு கழன்று, மிச்சக் காற்று ஒரே மூச்சில் போய்விடலாம்.

2020-ல் திருவொற்றியூர் தேரடி பக்கத்துப் பஞ்சர் கடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். கொரோனா ஊரடங்கில் நின்றே கிடந்த என் வண்டியில் ஒரு சக்கரம் வாரத்துக்கு ஐந்து பிஎஸ்ஐ இறங்கியது. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுழற்றினார். தரையில் உருளும் பக்கத்தில் ஒரு குமிழிகூட இல்லை. ரிம் ஓரத்தில்தான் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. "ஆணி இல்ல சார், ரிம் லீக்கு. கடல் காத்து தின்னுது" என்றார். டயரைப் பிரித்தபோது அந்தத் திட்டு முழுக்கப் பொரிப்பொரியாகத் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, காற்றை ஏற்றினார். டப், டப் என்று இரண்டு சத்தம்: இரு பக்க விளிம்பும் திட்டில் ஏறிவிட்டன. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள் ஆணியைத் தேடுவதற்கு முன் ரிம்மைப் பார்ப்பது நல்லது.

மெதுவாகக் கசிவது வரம்தான். தெரியாமல் கசிவதுதான் தொல்லை. அதற்குத்தான் எச்சரிக்கைக் கருவி என்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சென்சார் இருந்து அழுத்தத்தை நேராக அளக்கும். மலிவான இன்னொரு வகை அழுத்தத்தை அளப்பதே இல்லை. காற்று குறைந்த சக்கரத்தின் ஆரம் சுருங்கும், மற்றதைவிட வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் சென்சார் சொல்லும் அந்த வித்தியாசத்தை வைத்து ஊகிக்கும். ஊரடங்கில் நான்கு சக்கரமும் ஒரே அளவு இறங்கியிருந்தால்? வித்தியாசம் இல்லை, விளக்கும் எரியாது. அந்த நிலையில் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டால், அரைக்காற்றையே சரியான காற்று என்று அது எடுத்துக்கொள்ளும்.

கிட் என்பது வால்வு வழியாக ஏற்றும் ஒரு திரவமும் சின்ன கம்ப்ரஸரும். தரையில் உருளும் பகுதியில் ஆணி போட்ட துளையை உள்ளிருந்து அடைக்கும். அதன் பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பஞ்சர் கடை வரைதான். பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் பள்ளத்தின் கூர் விளிம்பு வெட்டுவது அந்தப் பக்கச்சுவரைத்தான். ஸ்டெப்னி இருந்தால் ஜாக்கி போட்டு அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் இழுவை வண்டிக்குப் போன் போட்டுவிட்டு, டிரெய்லர்கள் உரசிப் போகும் ஓரத்தில் நிற்க வேண்டும். நம் பக்கத்தில் கார் வாங்குகிறவர், ஸ்டெப்னி உண்டா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம்.

மற்ற கேள்விகள்.

டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடலாமா? அவசரத்துக்கு மட்டும், உரசிச் சூடேறும்.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம்.

மைலேஜ் கூடுமா? டியூப்லெஸ் என்பதற்காகக் கூடுவதைவிட, மாதம் இருமுறை காற்று பார்ப்பதால் கூடும்.

டயர் எவ்வளவு தேயலாம்? காருக்குச் சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

ஸ்டெப்னி என்ன மொழி? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். உதிரிச் சக்கரம் செய்த கம்பெனி அங்கே இருந்தது.

காலடிப்பேட்டை வாசகர் கேட்பது: டயரில் 2315 என்று இருக்கிறதே? 2015-ன் 23-வது வாரம் தயாரானது. ஐந்து வயது தாண்டிவிட்டது, கடையில் காட்டுங்கள்.