சிவந்த இறால் வெந்த இறாலா?

இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இறாலைக் குச்சியில் கோத்துக் கரியடுப்பில் வாட்டியிருக்கிறார் ஒரு வாசகி. சட்டென்று சிவந்ததும் இறக்கிவிட்டார். கடித்தால் நடுவில் பச்சை! ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

அந்தச் சிவப்பு நெருப்பில் பிறந்ததல்ல. இறால் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் நீந்தித் திரியும்போதே அதன் உடம்பில் இருக்கிறது. அஸ்டாக்சாந்தின் என்ற அந்த நிறமி, கேரட்டிலுள்ள கரோட்டினுக்கு நெருங்கிய சொந்தம். மூலப்பொருள் பாசி வழியாக இரையோடு வருகிறது. நிறமியை கிரஸ்டாசயனின் என்ற புரதம் பற்றிக்கொண்டதும் சிவப்பு நீலமாகிவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு நீண்டால் ஆட்டம் மெதுவாகும், குறுகினால் வேகமாகும். அஸ்டாக்சாந்தின் ஒரு நீண்ட கார்பன் சங்கிலி; அதன் நெடுக எலக்ட்ரான்கள் ஆடுகின்றன. தனியாக இருக்கும்போது சங்கிலியின் இரு முனை வளையங்களும் முறுக்கிக்கொண்டு நிற்பதால் ஆட்டத்தில் சரியாகச் சேர்வதில்லை. கயிறு குட்டை, ஆட்டம் வேகம். வேகமாக அதிரும் நீலப் பக்கத்து ஒளியை, சுமார் 480 நானோமீட்டரில், விழுங்கிவிட்டுச் சிவப்பை நம் கண்ணுக்கு விடுகிறது. புரதம் வந்து முறுக்கை நீவித் தட்டையாக்கினால் கயிறு நீள்கிறது. சிங்கி இறாலின் ஓட்டில் விழுங்கப்படும் ஒளி 632 நானோமீட்டர்வரை நகர்ந்துவிடுகிறது. அது செவ்வொளி, ஆகவே மிஞ்சுவது நீலம். ஒரே உத்தரத்தில் இரண்டு ஊஞ்சல் கட்டினால் ஒன்றின் ஆட்டம் மற்றதையும் அசைக்குமே, அதுவும் இங்கே உண்டு. புரதத்துக்குள் நிறமிகள் ஜோடியாக நெருங்கிக் கிடக்கின்றன. எதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே நெடுநாளாக நடக்கிறது. தணல் பட்டதும் புரதம் குலைந்து பிடியை விடுகிறது, கயிறு மறுபடி முறுக்கிக்கொள்கிறது, இறால் சிவக்கிறது.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1938இல் ரிச்சர்ட் கூன் குழு சிங்கி இறாலிலிருந்து நிறமியைப் பிரித்தது; 2002இல் புரதத்தின் வடிவம் எக்ஸ் கதிரில் தெரிந்தது. இதே நிறமியை மாத்திரையாக்கி இளமை திரும்பும் என்று விற்கிறார்கள். இறால் நிறம் மாறுவது அந்த வாக்குறுதிக்குச் சான்றாகாது.

வாசகியின் சிக்கலுக்கு வருவோம். நிறமி இருப்பது ஓட்டிலும் அதன் அடியிலுள்ள மெல்லிய தோலிலும். சூடு முதலில் தொடுவது அங்கேதான். நடுச்சதை என்ன நிலையில் இருக்கிறது என்று சிவப்புக்குத் தெரியாது. சதை வெளுப்பதைப் பார்க்கலாமென்றால், எலுமிச்சையின் அமிலமே அடுப்பில்லாமல் சதையை வெளுக்க வைக்கும். பெரு நாட்டின் செவிச்சே என்ற உணவு அப்படித்தான் உருவாகிறது. ஆனால் அமிலம் சூட்டைப்போல் கிருமிகளைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மூன்றாவது அடையாளம், வேகும்போது இறால் சுருள்வது. குச்சியில் நீட்டிக் கோத்தால் அதுவும் மறைந்துபோகும்.

இரவு முழுக்க ஊறினால் மசாலா உள்வரை இறங்கும் என்கிற சமையல் காணொளிகளை நம்ப வேண்டாம். உப்புதான் உள்ளே போகும். மிளகாயும் மஞ்சளும் பெரும்பாலும் மேலேயே தங்கும், அமிலம் வெளிச்சதையைச் சுண்ணாம்புக்கட்டிபோல் ஆக்கிவிடும். மற்ற மசாலாவில் அரை மணி நேரம் ஊறட்டும். எலுமிச்சையை இறக்கியபின் பிழியுங்கள். வெந்ததா என்று பார்க்க, தலைப்பக்கம் தடித்த இடத்தில் ஓர் இறாலைக் கீறுங்கள். கண்ணாடிபோன்ற பளபளப்பு எங்காவது தெரிந்தால் குச்சி மறுபடி தணலுக்குப் போகட்டும். ஊசி வெப்பமானி இருந்தால் அதே இடத்தில் 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.