நிழலில் வாடும் திராட்சை

திருச்சுழிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் கேட்டிருந்தார்: “கிணத்துல தண்ணி கொஞ்சம் கெடக்கு. திராட்சை போட்டு, காய வெச்சு, கிஸ்மிஸ்ஸா வித்தா கட்டுபடியாகுமா? வெளிநாட்டுல காஞ்ச திராட்சையில ஒயின்கூட எடுக்கிறாங்களாமே?” இரண்டு கேள்விகள். பின்னதை முதலில் பார்ப்போம். அதைத் தெரிந்துகொண்டால் முன்னதற்கு விடை சொல்வது சுலபம்.

இத்தாலி நாட்டில் டஸ்கனி என்று ஒரு வட்டாரம். அங்கே ‘வின் சான்டோ’ என்கிற இனிப்பு ஒயின் பரம்பரையாகச் செய்கிறார்கள். ‘புனித ஒயின்’ என்று அர்த்தம். ட்ரெபியானோ, மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை ரகங்கள்தான் இதற்குப் பெரும்பாலும் ஆகும். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. ஆனால் அறுத்த கையோடு பிழிவதில்லை. அடிபடாத, அழுகாத குலையாகப் பார்த்துப் பொறுக்கி, காற்றோட்டமான மச்சில் உத்தரத்திலே கட்டித் தொங்கவிடுகிறார்கள். சிலர் நாணல் பாயில் பரப்புகிறார்கள். வருஷம் முடியும் வரையோ, அதற்கு மேலும் ஓரிரு மாதமோ அது அப்படியே வாடும்.

வாடினால் என்ன ஆகிறது? பழத்திலிருந்து தண்ணீர்தான் வெளியே போகிறது. சர்க்கரை பெரும்பாலும் உள்ளேயே நிற்கிறது. நூறு கிலோ பழத்தில் இருபது கிலோ சர்க்கரை இருந்தது என்று வையுங்கள். எடை ஐம்பது கிலோவாக இறங்கினால், அதே இருபது கிலோ இப்போது ஐம்பதில் இருபது. அதாவது நூற்றுக்கு நாற்பது! ஒரு கரண்டி சீனி போடாமலே இனிப்பு இரட்டிப்பாகிவிட்டது.

அதைப் பிழிந்து சின்ன மரப்பீப்பாயில் ஊற்றுவார்கள். பழைய பீப்பாயின் அடியில் தங்கிய கசடு கொஞ்சம் அதில் சேரும். அந்தக் கசடுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தாய்’. நாம் பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். நொதிக்கிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றிக்கொண்டே வரும்; ஒரு கட்டத்தில் அதுவே தாங்க முடியாமல் ஓய்ந்துபோகும். மிஞ்சிய சர்க்கரைதான் ஒயினின் இனிப்பு. பீப்பாயை மூடி, கூரைக்கு அடியிலேயே மூன்று வருஷமோ அதற்கு மேலோ விட்டுவிடுவார்கள். கோடைச் சூடும் குளிர்காலக் குளிரும் மாறி மாறி அதன்மேல் படும்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்த சாற்றைப் பூசைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அண்ணாச்சி, ஒயின் ஆசையை விட்டுவிடுங்கள். நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

சரி, கிஸ்மிஸ்? மகாராஷ்டிரத்தில் சாங்லி, தாஸ்கான், சோலாப்பூர், கர்நாடகத்தில் விஜயபுரா என்று வறண்ட சீமையில்தான் அது நடக்கிறது. விதையில்லாத தாம்சன் ரகத்தையும் அதன் வழிவந்த ரகங்களையும் நன்றாக இனிப்பு ஏறியபின் அறுக்கிறார்கள். பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் என்ற எண்ணெயும் கலந்த தண்ணீரில் சில நிமிஷம் முக்கி எடுக்கிறார்கள். பழத்தோலின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. இந்தக் கரைசல் அதைத் தளர்த்திவிடும், தண்ணீர் சீக்கிரம் வெளியேறும். பிறகு கூரை போட்ட கொட்டகையில் அடுக்கடுக்காக வலை கட்டி அதன்மேல் பரப்பிவிட்டால், சுமார் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். நிழலில் காய்ந்தால் பச்சை நிறம் நிற்கும். வெயிலில் போட்டால் பழுப்பு.

கணக்கைப் பாருங்கள். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோதான் கிஸ்மிஸ். பழமாக விற்றால் கிலோவுக்கு முப்பது ரூபாய் வரும் என்று வைத்தால், கிஸ்மிஸ் நூற்றிருபதுக்கு மேல் போனால்தான் கூலிக்கே வழி. கம்பம் பள்ளத்தாக்கில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இருக்கிறது. அருமையான பழம்தான். ஆனால் விதை உண்டு. பெரும்பாலும் பழமாகவேதான் சந்தைக்குப் போகிறது. அந்தப் பள்ளத்தாக்குக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இருக்கிறது. நமக்கு? ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பிய கரிசல். மழை பெய்தால் சேறு பிடித்துத் தண்ணீர் நிற்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பந்தல் செலவு வேறு. கடன் வாங்கித் திராட்சை போடாதீர்கள் என்பதுதான் என் யோசனை.

ஆனால் அந்த இத்தாலிக்காரன் மச்சும் சாங்லிக்காரன் கொட்டகையும் நமக்கு உதவும். தை, மாசியில் கொத்தமல்லி அறுக்கிறோம். வெயிலில் போட்டு வதைக்காமல் நிழலில் காற்றாட உலர்த்தினால் நிறமும் வாசனையும் நிற்கும். வியாபாரி முதலில் பார்ப்பது அதைத்தான். மிளகாயைத் தார் ரோட்டில் கொட்டுகிறோம். மண், புழுதி, வண்டிச் சக்கரம், ராத்திரிப் பனி, அத்தனையும் அதன்மேல்தான். இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, பழைய வலையைக் கட்டி அதன்மேல் பரப்பினால் காற்று அடியிலிருந்தும் ஏறும்.

அதற்கு முன்னால் பொறுக்கி எடுப்பது முக்கியம். “அழுகினதும் காஞ்சா வத்தல்தானே” என்று சிலர் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். டஸ்கனியில் அழுகின குலை மச்சுக்கே ஏறாது. ஒரு பழத்தில் பிடித்த பூசணம் பக்கத்துப் பழத்துக்கும் தாவும். மிளகாயில் பூசணம் விழுந்தால் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு உண்டாகலாம். பரிசோதனையில் அது அளவுக்கு மேல் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும். நல்ல பழத்தைத் தனியாகக் காய வையுங்கள். வெள்ளை பாய்ந்ததைத் தனியாக விற்றுவிடுங்கள்.

காய்ந்த சூட்டோடு மூட்டை கட்டிவிடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். நிழலில் ஆறவிட்டு, ஒரு வத்தலைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பாருங்கள். விதை கலகலவென்று சத்தம் போட்டால் சாக்கில் பிடிக்கலாம்.